சம்பந்தி அம்மாவின் மலை

என் கணவர் ஐம்பத்தெட்டு வயதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. ஏற வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. வயலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல், அதற்கப்பால் தென்னை, தென்னைக்கு மேலே ஒரு செல்போன் கோபுரம். அவ்வளவுதான் உயரம். அவருக்கு மேடு என்றால் இரண்டு விரற்கடை. வயலின் ஒரு மூலை அந்த அளவுக்கு உயர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஏறாது, கோரை மண்டிவிடும் என்று ஒரு வாரம் புலம்புவார். டிராக்டர்காரரை மறுபடி வரச் சொல்லி அந்த மேட்டை இழுத்து மட்டப்படுத்திய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். உயர்ந்து நிற்கும் எதையும் சமப்படுத்துவதுதான் நாற்பது வருடமாக அவருடைய தொழில். அவரைத்தான் எங்கள் மகள் மலை ஏறக் கூப்பிட்டாள்.

மகள் விசாகப்பட்டினத்தில் ஒரு மருந்து கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். தை மாதம், அறுவடை மிஷின் எங்கள் வயலில் இறங்கியிருந்த அன்று போனில் கூப்பிட்டு, தன்னோடு வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். மிஷின் சத்தத்தில் இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னது, என்னது" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் பொறுமையாகச் சொன்னாள். நான்காவது தடவை கேட்டபோதுதான், முதல் தடவையே அவர் காதில் விழுந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

இரண்டு நாள் அவர் அறுவடை வேலையிலேயே இருந்தார். மூன்றாவது நாள் சாப்பிடும்போது, "அவங்களுக்கு வயல் இருக்கா?" என்றார்.

"இல்லையாம். அந்தப் பையனுக்கு அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்களாம்."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?"

"கடையில அரிசி வாங்குறாங்க. உலகத்துல பாதிப் பேரு அப்படித்தாங்க சாப்பிடுறாங்க."

அதை அவர் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார். அந்த இரக்கத்தில்தான் அவர் மனம் இளகத் தொடங்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், அவருடைய பெரிய அண்ணன் கல்யாணத்துக்கு வருவாரா, நாளைக்குப் பேரன் பேத்தி எந்த மொழியில் பேசும் என்று ஒவ்வொன்றாக அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் ஓடியது. நான் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவள். ஊர் என்ன பேசும் என்பது ஊர் பேசுவதற்கு முன்பே என் ஜன்னலுக்கு வந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள்.

"அம்மா, அவங்கம்மா நம்மளைப் பாக்கணும்ங்கிறாங்க. ஆனா வீட்டுல எதிரும் புதிருமா உக்காந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுறதெல்லாம் அவங்களுக்குப் பிடிக்காது. ஞாயித்துக்கிழமை காலையில அவங்க எப்பவும் மலைக்கு நடக்கப் போவாங்க. நம்மளையும் வரச் சொல்றாங்க. நடந்துகிட்டே பேசலாமாம்."

இவர் என் தோளுக்கு மேல் தலையை நீட்டினார். "எந்த மலை?"

"கடலுக்குப் பக்கத்துலயே இருக்குப்பா. சின்ன மலைதான். ஒன்றரை மணி நேரத்துல மேல போயிடலாம். மேலேருந்து ஊரும் கடலும் அவ்வளவு அழகா இருக்கும்."

"அந்தம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

"டீச்சர்னா என்ன டீச்சர்?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "பி.டி. டீச்சர்ப்பா. மாவட்டத்துக்கே ஓட்டப்பந்தயம் பழக்கிவிட்டவங்க."

இவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு இல்லை. மலைப் பேச்சுதான். அண்ணன் வருவாரா என்ற கவலையும் பேரன் மொழியும் எங்கே போயினவோ தெரியவில்லை. தன்னைவிட மூன்று வயது மூத்த ஒரு பெண்மணியின் முன்னால் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பெரிய கவலைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இதற்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. எனவே இதைப் பிடித்துக்கொண்டார்.

உரக்கடையில் கொடுத்த டைரியில் ஒரு பக்கத்துக்கு 'மலை' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தார். வாய்க்கால் தூர்வாருவதற்கு ஆள் கணக்குப் போடும் அதே கையெழுத்து. தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போகும். பாதை மண்ணா, கல்லா? நடுவில் உட்கார இடம் உண்டா? எத்தனை வளைவு? பாம்பு உண்டா? மேலே கரண்டு இருக்கிறதா?

"கரண்டு எதுக்குப்பா?"

"கேட்டு வச்சுக்குவோம்."

உயரம் எவ்வளவு என்று கேட்டபோது அவள் மீட்டரில் சொன்னாள். இவர் அதை அடியாக்கி, அடியைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இருக்கிற ஒரே அளவுகோலுக்கு மாற்றினார். "பெரிய கோயில் விமானத்தை ஒண்ணு மேல ஒண்ணா நாலு வச்ச மாதிரி" என்று எனக்கு விளக்கிவிட்டு டைரியை மூடினார். பிறகு, "அந்த ஒண்ணையே நான் கீழேருந்துதான் பாத்திருக்கேன்" என்றார்.

பயிற்சி எடுப்பது என்று முடிவானது. சமதரையில் மலை ஏறப் பயிற்சி எடுப்பது எப்படி? எங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரே சரிவு கொள்ளிடக் கரை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை ஏறி இறங்குவது என்று டைரியில் எழுதினார். மறுநாளே தொடங்கியும் விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுவார். மேலே ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்து ஆற்றைப் பார்ப்பார். இறங்குவார். மறுபடி ஏறுவார். யாராவது வந்து, "என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லப்பா, எலிவளை இருக்கான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிடுவார். சம்பந்தியம்மாவுக்குப் பயந்து மலை ஏறிப் பழகுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

பத்து நாள் இருக்கும். மகனுக்குப் பார்சல் அனுப்ப வந்த ஒரு அக்கா, ஒட்டுவதற்கு டேப் கேட்டுவிட்டு, ஜன்னலுக்குள் முகத்தை நன்றாக நுழைத்தார்.

"ஏம்மா, கரை தாங்காதாமே?"

"எந்தக் கரைக்கா?"

"கொள்ளிடக் கரைதான். உங்க வீட்டுக்காரரு காலையும் சாயங்காலமும் ஏறி ஏறிப் பாத்துட்டு வர்றாராமே. உள்ளுக்குள்ள பூரா எலிவளையாம். தண்ணி வந்தா பிச்சுக்கும்ங்கிறாங்க. எங்க வீடு கரையடியிலதான இருக்கு. ஆடுகளை எங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாமான்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு."

ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. தண்ணீர் வர இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும். ஆனாலும் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையடியில் குடியிருப்பவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் பெண்ணுக்கு வரன் அமைந்திருக்கிறது, மாப்பிள்ளையின் அம்மா மலை ஏறுகிறவர், அதற்காகத்தான் இவர் பழகுகிறார் என்று சொன்னேன். கல்யாணச் செய்தியை ஊருக்குச் சொல்வதற்கு நாங்கள் எத்தனையோ வழி யோசித்து வைத்திருந்தோம். கடைசியில் எலிவளையைப் பொய்யாக்குவதற்காகச் சொல்ல வேண்டி வந்தது.

சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்தால் இவரோடு இன்னும் மூன்று பேர் சரிவில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி. அவர்களுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. இவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் நிஜமாகவே நான்கு வளைகளைக் கண்டுபிடித்து மண் போட்டு இடித்து அடைத்திருந்தார்கள்.

மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெலுங்கு மாப்பிள்ளை என்ற சேதியை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் பயந்திருந்தேன். ஊருக்கு அதற்கு நேரமே இல்லை. எல்லோரும் மலைக்கு யோசனை சொல்வதில் இறங்கிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பழனி போய் வந்தவர், இறங்கும்போதுதான் முட்டி போகும் என்றார். வெள்ளியங்கிரிக்கு இரண்டு தடவை போன ஒருவர் வீட்டுக்கே வந்து, மூங்கில் கம்பின் அவசியம், காற்று தள்ளும் இடங்கள், அட்டை கடித்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போனார். இவர் எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டார். அட்டைக்கு உப்பு என்பதற்கு மட்டும் இரண்டு கோடு.

"ஏங்க, அது ஊருக்குள்ள இருக்குற மலை. மேல டீக்கடை இருக்காம்" என்றேன்.

"டீக்கடை இருந்தா அட்டை இருக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார்.

ஷூ வாங்கத் தஞ்சாவூருக்குப் போனோம். நாற்பது வருடம் சேற்றில் நடந்த கால். முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வந்தார். எதுவும் உள்ளே போகவில்லை. கடைசியில் அகலத்துக்குப் பொருந்திய ஒரு ஜோடி, நீளத்தில் முக்கால் விரல் அதிகமாக இருந்தது. முன்னால் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கூடத்தில் நடந்து காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக் என்று சத்தம் வந்தது. "முன்னாடி நீங்க வர்றீங்களா, பேப்பர்காரர் வர்றாரான்னு அவங்களுக்குக் குழப்பமாப் போயிடும்" என்றேன். அவர் பேப்பரை எடுத்துவிட்டுப் பழைய துணியை வைத்தார்.

கரைப் பயிற்சி ஊர்ச் சிரிப்பாகிவிட்டதால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் சுவாமிமலைக்குப் போனோம். பெயரிலேயே மலை இருக்கிறது, அறுபது படி இருக்கிறது என்பது அவர் வாதம். அது மனிதர் கட்டிய மலை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். முதல் தடவை நன்றாக ஏறினார். தரிசனம் செய்துவிட்டு இறங்கி, மறுபடி ஏறினார். மூன்றாவது தடவை பிலவங்க வருடத்தில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் பிறந்த வருடம். நாற்பத்தொன்றாவது படி.

"என்னங்க, முடியலையா?"

"முடியலைன்னு யாரு சொன்னா? நம்ம வருஷமாச்சே, சித்த உக்காருவோம்னு பாத்தேன்."

பக்கத்தில் பூ விற்ற அம்மா, "வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா, பொண்ணு கல்யாணம்" என்றார் இவர். யோசித்துப் பார்த்தால் அது பொய் இல்லை.

பையைக் கட்டியது தனிக் கதை. ஊருக்குக் கிளம்பும் முன்தினம் என் அஞ்சலகத்துக்கே தூக்கிக்கொண்டு வந்து, பார்சல் எடை போடும் தராசில் வைத்தார். ஒன்பது கிலோ காட்டியது. நான் கதவைச் சாத்திவிட்டுப் பையைத் திறந்தேன். நைலான் கயிறு பத்து முழம். டார்ச் லைட் இரண்டு. குடை. உப்பு ஒரு பாக்கெட். எலுமிச்சம்பழம் ஒரு டஜன். வெந்நீர் பிளாஸ்க். ஒரு சின்னக் களைக்கொத்தி.

"களைக்கொத்தி எதுக்குங்க?"

"பிடிச்சு ஏறலாம்."

கயிற்றையும் குடையையும் ஒரு டார்ச்சையும் உப்பையும் வெளியே எடுத்தேன். களைக்கொத்தியையும் எடுத்தேன். அதை அவர் திரும்ப வைத்தார். நான் திரும்ப எடுத்தேன். எலுமிச்சம்பழத்தில் இரண்டை விட்டுவைத்தேன். கடைசியில் நான்கு கிலோவுக்கு ஒப்புக்கொண்டார். எங்கள் முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் தராசை வைத்து ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

மாசிக் கடைசியில் கிளம்பினோம். நெல் அறுத்த தாளில் உளுந்து பூவும் பிஞ்சுமாக நின்றது. ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு, சென்னை போய் ரயில் மாறினோம். ஆந்திராவுக்குள் போகப் போக ஜன்னலில் குன்றுகள் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, "இவ்வளவு இருக்குமா? இது மாதிரியா?" என்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே வந்தார். ஏழெட்டுப் படத்துக்குப் பிறகு அவள், 'அப்பா, தூங்குங்க' என்று பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மலையடியில் நின்றோம். கடல் காற்று ஈரமாக அடித்தது. மாப்பிள்ளைப் பையனும் அவருடைய அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். பையன் உயரம். கூச்சக்காரர். எங்களைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், இவர் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அதை இறக்கவில்லை. அவருடைய அம்மா சின்ன உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கால்களில் கான்வாஸ் ஷூ, தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி. இடுப்பு நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்தாலே கையில் விசில் இருக்குமோ என்று தோன்றியது.

"நமஸ்காரம், அண்ணய்யகாரு" என்றார் இவரிடம். என்னை வதினகாரு என்று கூப்பிட்டார். அண்ணனும் அண்ணியும். "சென்னையில ரெண்டு வருஷம் படிச்சேன். தமிழ் கொஞ்சம் மறந்துபோச்சு. தப்பு இருந்தா சிரிங்க, பரவாயில்ல."

இவர் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நிற்காமல் ஏறத் தொடங்கினார். அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பாதை கல்லும் மண்ணுமாக, அகலமாக, வளைந்து வளைந்து போயிற்று. முதல் வளைவுவரை எல்லோருக்கும் முன்னால் போனார். அங்கே இடுப்பில் கை வைத்து நின்று கீழே பார்த்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவருடைய கால்கள் கொள்ளிடக் கரைக்குப் பழகியவை. இரண்டு ஆள் உயரம் ஏறினால் அடுத்தது இறக்கம் என்று அவை நம்பின. இறக்கம் வராததால் குழம்பிப்போயின. மறுபடி வேகமாக இரண்டு ஆள் உயரம், மறுபடி நிற்பது. நான்காவது நிறுத்தத்தில் அவர் முகம் சிவந்திருந்தது.

அந்தம்மா ஒரே சீராக நடந்து அவர் பக்கத்தில் வந்தார். "மெல்லகா, அண்ணய்யகாரு. மலை எங்கயும் போகாது."

"இல்லீங்க, பழக்கம்தான்" என்றார் இவர். அந்த மூச்சில் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பாதித் தூரத்தில் பாதை நனைந்து வழுக்கியது. மேலே டீக்கடைக்குத் தண்ணீர் போகும் கறுப்புக் குழாய் ஒரு மூட்டில் விட்டுப்போய், தண்ணீர் பாதையிலேயே ஓடி மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஓரமாகக் கால் வைத்துத் தாண்டினோம். இவர் தாண்டவில்லை. நின்று பார்த்தார். குனிந்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, கிடந்த குச்சி ஒன்றை எடுத்து உட்கார்ந்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள் மகள்.

"நீங்க போங்க. தண்ணி பாதையில போகுது."

"அது அவங்க சரி பண்ணிக்குவாங்கப்பா."

"பண்றப்ப பண்ணட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் ஒரு மரம் நிக்குது பாரு, காஞ்சுபோய்."

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. இதற்காகத்தான் ஐந்து வாரம் திட்டம் போட்டு, ஆயிரம் கேள்வி கேட்டு, ரயில் ஏறி வந்தாரா என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு தட்டையான கல்லைத் தூக்கி வந்து இவர் பக்கத்தில் போட்டார். "இங்க வைக்கலாமா?"

"இன்னும் கொஞ்சம் மேலே, அம்மா. தண்ணி திரும்புற எடத்துல."

அந்தம்மா எங்களைப் பார்த்துக் கையை மேல்நோக்கி அசைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டுகிற கை. நாங்கள் மூன்று பேரும் மறுபேச்சு இல்லாமல் ஏறினோம்.

நான் ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்காதவள். தபால் கொண்டுபோகிறவர் லீவு போட்டால் நாலு தெரு நடப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் மெதுவாக, பேசிக்கொண்டே ஏறிவிட்டேன். மேலே போனதும் முதலில் காற்று. பிறகு, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கடல். நாங்கள் வேளாங்கண்ணியிலும் பூம்புகாரிலும் கடல் பார்த்தவர்கள்தான். அங்கே கடல் நம் எதிரில், நம் உயரத்தில் நிற்கும். இங்கே அது கீழே விரித்துப்போட்ட மாதிரி கிடந்தது. கப்பல்கள் ஆங்காங்கே அசையாமல் நின்றன. மறுபக்கம் ஊர், அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு மலைகள். என்னை அறியாமல் நான் எதையும் யோசிக்காமல் நின்றிருந்தேன். வீட்டில் உளுந்து இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், எதுவும் நினைவுக்கு வரவில்லை.

டீ வாங்கிக் குடித்தபோது பையன் என் மகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

"என்னடி?"

"போன வாரம் அவங்கம்மா மூணு தடவை இந்த மலைக்கு வந்தாங்களாம்மா. எப்பவும் அவங்க ஏறுற பாதை வேற, செங்குத்தா இருக்குமாம். உங்களுக்குக் கஷ்டமில்லாத பாதை எதுன்னு ஒவ்வொண்ணா ஏறிப் பாத்து இதை முடிவு பண்ணாங்களாம். நடுவுல எங்க உக்காரலாம்னுகூட எழுதி வச்சிருக்காங்களாம். வயக்காட்டுல உழைச்சவங்க, தன்னை வெறும் வாக்கிங் போறவங்கன்னு நெனச்சிடுவாங்களோன்னு ஒரே பயமாம்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் பையனும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

இறங்கி வந்தபோது தண்ணீர் பாதையை விட்டுவிட்டு ஒரு சாண் அகல வாய்க்காலில் ஒழுங்காக அந்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்து, சேற்றுக் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அந்தம்மாவின் தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பை பையனிடம் இருந்ததே, பழம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இவர் சட்டைப் பையில் எனக்குத் தெரியாமல் நாலு வைத்திருந்திருக்கிறார்.

"பேசியாச்சு" என்றார் இவர்.

"என்ன பேசுனீங்க?"

"கல்யாணம் ஆவணியில. ஒரு தடவை இங்க, ஒரு தடவை நம்ம ஊர்ல."

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "நான் கேட்டேன், வதினகாரு. உங்களுக்கு என் பையன்மேல, இந்தக் கல்யாணத்துமேல ஏதாவது பயம் இருக்கான்னு. அண்ணய்யகாரு சொன்னாரு, 'கல்யாணத்துல பயமில்ல, மலையிலதான் பயம்'னு. அப்புறம் நாங்க மலையைப் பத்திப் பேசவேயில்ல."

மிச்சத்தை இவர் ரயிலில் திரும்பி வரும்போது எனக்குச் சொன்னார். பெரிய அண்ணனைப் பற்றிச் சொன்னாராம். சொந்தத்தில் சிலர் வராமல் போகலாம் என்றும் சொன்னாராம். அந்தம்மா, தன் பக்கத்திலும் அப்படி மூன்று பேர் உண்டு என்றாராம். "வராதவங்களுக்கு இலை போட வேண்டாம், மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தாராம். இதைச் சொல்லும்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் தன் அண்ணனைப் பற்றி ஒரு வெளியாளிடம் பேசினார் என்பதே எனக்கு அதிசயம். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்ததால் வந்த பேச்சு அது. எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை. அண்ணி வந்து, இரண்டு நாள் இருந்து, எல்லா வேலையும் செய்துவிட்டுப் போனார்.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவையாவது மகள் வீட்டுக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சம்பந்தியம்மா கீழே வந்து நின்று என்னைக் கூப்பிடுவார். நானும் அவரும்தான் போவோம். அவருடைய பழைய செங்குத்துப் பாதையிலேயே இப்போது ஏறுகிறேன். அவர் எனக்குத் தெலுங்கு சொல்லித்தருகிறார். என் உச்சரிப்புக்கு அவர் சிரிக்கிறார், அவருடைய தமிழுக்கு நான் சிரிக்கிறேன். மேலே போய் டீ குடித்துக்கொண்டு, நின்றிருக்கிற கப்பல்களை எண்ணுவோம். அவர் எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும்.

இவர் வருவதில்லை. இந்த முறையாவது உச்சிக்கு வந்து கடலைப் பாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "நீங்க போய்ட்டு வாங்க, நான் சமையலைப் பாத்துக்குறேன்" என்கிறார். நாங்கள் இறங்கி வருவதற்குள் சாதம் வடித்து, ஊரிலிருந்து கொண்டுபோன உளுந்தில் வடை தட்டி வைத்திருப்பார். போன தடவை சாப்பிடும்போது, "மேல எத்தனை கப்பல்?" என்று கேட்டார். ஆறு என்றேன் நான். ஏழு என்றார் சம்பந்தியம்மா. இவர் இரண்டு பேர் தட்டிலும் இன்னொரு வடை வைத்துவிட்டு மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்.